மூன்று பேருக்குக் கொடுத்த கிணறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த முதல் சொல்லை எழுதுவதா விடுவதா என்று பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். கடைசியில் எழுதிவிட்டேன். கடிதம் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் தேட வேண்டாம்.

உங்கள் ஆண்டு நினைவு வருகிறது. தங்கச்சி பிரான்சிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். என் கலியாணத்துக்கு இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு எடுத்தீர்களே, அந்தப் படம்தான். அதைப் பத்திரிகையில் போட்டு, கீழே "பாசத்தின் பிறப்பிடமே" என்று தொடங்குகிற நாலு வரியும் போட வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். பாசத்தின் பிறப்பிடம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுதித் தருகிறேன், வேண்டுமென்றால் அதைப் போடு என்றேன். ஊரும் வாசிக்கட்டும். இந்தக் கரையில் இன்னும் எத்தனையோ அப்பாமார் உயிரோடு இருக்கிறார்கள்.

செய்தியை முதலில் சொல்கிறேன். மன்னார்க் கோட்டில் வழக்கு முடிந்தது. உங்கள் சொத்துக்கு நான்தான் நிருவாகி என்று கட்டளை வந்துவிட்டது. நிருவாகக் கடிதம் என்று ஒரு கடதாசி, முத்திரை குத்தி, என் கையில் தந்திருக்கிறார்கள். மரணசாசனம் எழுதாமல் செத்துப்போனவருடைய காணி, வள்ளம், வலை, வங்கியில் கிடப்பது எல்லாவற்றையும் பொறுப்பெடுத்து, உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அக்காவும் நானும் இத்தனை காலம் பிடுங்குப்பட்டது இந்தக் கடதாசிக்காகத்தான். வென்றது நான். வென்ற பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

நீங்கள் அரிப்பில் பேரெடுத்த சம்மாட்டி. சொந்த வள்ளம், சொந்த வலை, கீழே ஆட்கள். அதைவிடப் பெரிய பேர் உங்களுக்கு வடக்குக் காணியால் வந்தது. எங்கள் கரையில் எந்த வளவில் தோண்டினாலும் உவர்தான். குளிக்கலாம், குடிக்க முடியாது. உங்கள் வடக்குக் காணியில் மட்டும் கிணற்றில் நல்ல தண்ணீர். மாசி பங்குனி வறட்சியிலும் அது வற்றியதில்லை. பக்கத்துச் சனமெல்லாம் குடத்தோடு வரும். நீங்கள் பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு, "அள்ளுங்கோ, அள்ளுங்கோ" என்பீர்கள். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் எங்களைக் கோட்டுப்படி ஏற்றியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழமை இருக்கிறது. சம்பந்தம் பேசி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரைச் சீதனக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண்ணின் தகப்பன் தன் கையால் கிணற்றில் அள்ளி, மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் குடிக்கக் கொடுப்பார். அவர் குடித்தால் காணி பெண்ணுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். காணிப் பத்திரம், அதுதான் உறுதி, எழுதுவதெல்லாம் பிறகு, வசதிப்படும்போது பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் சனத்துக்குக் கடலைத் தெரியும், காற்றைத் தெரியும். உறுதி எழுதுகிற நொத்தாரிசின் படலையை மட்டும் தெரியாது.

பெரியக்காவுக்கு வங்காலையில் மாப்பிள்ளை. அன்றைக்கு நான் பாவாடையோடு கிணற்றடியில் நின்றேன். நீங்கள் செம்பை நீட்டி, "குடியுங்கோ சம்பந்தி. இனி இது பிள்ளையின்ர கிணறு" என்றீர்கள். அந்த மனிதர் ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தார். எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம்.

பிறகு சண்டை தொடங்கியது. அக்கா குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருந்தார். ('அவர்' என்று எழுதுவது உங்களுக்குப் பயந்துதான். மனதில் வருகிற எழுத்து வேறு.) அந்த நேரம் எனக்குக் கலியாணம் பேசினீர்கள். என் மாமனாரை எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள்? அதே வடக்குக் காணிக்கு. அதே செம்பு. "குடியுங்கோ சம்பந்தி. இனி இது பிள்ளையின்ர கிணறு." அன்றிரவே நான் உங்களிடம் கேட்டேன், அக்காவுக்குக் கொடுத்ததல்லவா என்று. நீங்கள் பாயை உதறிப் போட்டுக்கொண்டு, "அவவுக்கு வேற ஒழுங்கு செய்தாச்சு. நீ பேசாமல் படு" என்றீர்கள். என்ன ஒழுங்கு என்று உங்கள் சாவு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியாது.

தங்கச்சியின் முறை வந்தபோது ஊரே இடம்பெயர்ந்து கிடந்தது. அரிப்புப் பக்கம் ஒருவரும் தலை காட்ட முடியாது. வேறு தகப்பன் என்றால், நிலைமை சரியாகட்டும், பார்ப்போம் என்றிருப்பார். நீங்கள் ஒரு போத்தலில் தண்ணீரை அடைத்து, பேசாலையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய், வடக்குக் காணிக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அவர்களும் குடித்தார்கள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அந்த இராணுவத் தடையெல்லாம் தாண்டி நீங்கள் அரிப்புக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

சரி, அதையும் விடுகிறேன். கலியாணச் சந்தையில் பொய் சொல்லாத தகப்பன் இல்லை. நான் உங்களை மன்னிக்காதது அதற்குப் பிறகு நடந்ததற்கு.

சண்டை முடிந்து மீளக்குடியேறியபோது நானும் என் மனுசனும் வடக்குக் காணியை வெளியாக்கினோம். உடைமரமும் கள்ளியும் மூடிக் கிடந்தது. கண்ணிவெடி எடுத்தவர்கள் போன பிறகும் ஒவ்வொரு அடியும் பயந்து பயந்துதான் வைத்தோம். கிணற்றை இறைத்தோம், கட்டினோம். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினோம். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பூவரசுக்குக் கீழே அதே கதிரையில் இருந்தீர்கள். கல்லு அடுக்குகிறதைப் பார்த்துக்கொண்டு, சமைக்கிற குசினியை வடக்குப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று புத்தி வேறு சொன்னீர்கள். மேசனுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னீர்கள். பிள்ளை, இந்தக் காணியை நான் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை உங்கள் வாயில் வரவில்லை. என் நகைகள் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன, அப்பா. நான் பிறந்த நாள் தொடக்கம் எனக்கென்று கட்டியது அந்த வீடு ஒன்றுதான்.

பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு உங்களைப் பார்த்தது நான். பெருமைக்குச் சொல்லவில்லை, அக்கா கோட்டில் வேறு விதமாகச் சொன்னதால் சொல்கிறேன். கடைசிக் கிழமை நீங்கள் கஞ்சியைத் தள்ளிவிட்டீர்கள். தண்ணி, தண்ணி என்று மட்டும் கேட்டீர்கள். கிணற்றில் அள்ளி, கரண்டியால் வாயில் விட்டேன். விழுங்கிவிட்டு, "நல்ல தண்ணி" என்றீர்கள். நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வேறொன்றும் சொல்ல இருக்கவில்லையா உங்களுக்கு? அந்த ஒரு மூச்சை வேறு எதற்காவது செலவழித்திருக்கக் கூடாதா?

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டோம். இந்தியாவிலிருந்து வங்காலைக்குத் திரும்பியிருந்த அக்காவின் மனுசன், அத்தான், கிணற்றடியில் கை கழுவினார். கழுவியபடியே கோயில் மூப்பரிடம், "இந்த வேலியை இனி ஒழுங்கா அடைக்க வேணும், மூப்பர். எங்கட காணியெல்லே" என்றார். நான் சோற்றுச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கட காணியோ என்று கேட்டேன். அக்கா உள்ளேயிருந்து வந்தார். பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. உங்களுக்காகச் செபமாலை சொன்ன வாயால்தான் நாங்கள் இரண்டு பேரும் அதையெல்லாம் பேசினோம்.

யாரோ தங்கச்சிக்கு போன் எடுத்துவிட்டார்கள். சத்தமாகப் போட்டு நடுவில் வைத்தார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் என்ர காணியில நிண்டு சண்டை பிடிக்கிறியளோ?" என்றாள்.

மூப்பர் பாவம். மூன்று சம்பந்திமாரும் குடித்தது உண்மைதான் என்று அவருக்கே தெரியும். இரண்டு தடவை பக்கத்தில் நின்றவரே அவர்தான். முதல் குடித்தவருக்கா, கடைசியாய்க் குடித்தவருக்கா என்று ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். சாப்பிட வந்த சனம் பாக்கு வெற்றிலையோடு இருந்து கேட்டது. சம்மாட்டி மூன்று பேருக்கும் நல்லாய்த் தண்ணி காட்டியிருக்கிறார் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பும் எழும்பியது. உங்கள் ஆத்துமாவுக்காகச் சமைத்த சாப்பாடு அது.

அடுத்த கிழமை எங்கள் கிராம சேவகர், விதானையாரிடம் போனேன். காணி செத்தவர் பேரில் இருக்கிறது, கோட்டில் நிருவாகக் கடிதம் எடுக்காமல் ஒருவரும் அதில் கை வைக்க ஏலாது என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். நாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை. கடிதம் யார் கைக்கு வருகிறதோ காணியும் அவர்களுக்கு என்று நான் விளங்கிக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். மீன் வாங்க வருகிற முதலாளி தொடக்கம் கோயில் சங்கத்துப் பெண்கள் வரைக்கும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கெதியாய்ப் போய் எடு, விட்டால் உன்ர அக்கா எடுத்துப்போடுவா என்று என்னைத் துரத்தினார்கள். வங்காலையில் அக்காவையும் அதே மாதிரித் துரத்தியிருப்பார்கள்.

நான் மனுப் போட்டேன். பத்திரிகையில் அறிவித்தல் வந்தது. அக்கா ஆட்சேபணை போட்டார். அன்றிலிருந்து நான் மனுதாரர், அவர் எதிர்மனுதாரர். ஒரே வயிற்றில் பிறந்ததற்குக் கோட்டில் வேறு பேர் இல்லை.

அந்தத் தவணை நாட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிலாவத்துறையிலிருந்து வருகிற காலை பஸ்ஸில் நான் அரிப்பில் ஏறுவேன். வங்காலைச் சந்தியில் அக்கா ஏறுவார். கையில் கடதாசிப் பை, தலையில் பூசைக்குப் போகிற முக்காடு. பெரும்பாலும் எனக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும். நான் என் பையை எடுத்து அதில் வைப்பேன். அக்கா அதைப் பார்ப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தள்ளாடிச் சந்தியில் நிற்பார், தாம்போதிப் பாலத்தில் கடற்காற்று அடிக்க அடிக்க நிற்பார், மன்னார் வரைக்கும் நிற்பார். அவருக்கு முழங்கால் வருத்தம் என்று எனக்குத் தெரியும். பையை நான் எடுக்கவில்லை. ஒரு தடவை எனக்கு முன்னமே இடம் நிரம்பியிருந்தபோது, அக்கா வங்காலையில் ஏறி, இறங்கிய ஒருவரின் இடத்தில் இருந்து, தன் பையைப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு நின்றது நான். நல்லாய்த்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

சத்தியக் கடதாசிகளில் நாங்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியதை நீங்கள் வாசிக்காததே நல்லது. நான் உங்களை மயக்கி என் பக்கம் வைத்திருந்தேனாம், ஒரு சனத்தையும் பார்க்க விடவில்லையாம். நீங்கள் பாயில் கிடந்தபோது அவர் எட்டியும் பார்க்கவில்லை என்று நான் எழுதினேன். சட்டத்தரணிமார் அதை இன்னும் கொஞ்சம் காரமாக்கிக் கொடுத்தார்கள். நாங்கள் வாசித்துப் பார்த்து ஒப்பமிட்டோம்.

விசாரணை நாளில் அத்தான் கூண்டில் ஏறினார். தன் தகப்பன் குடித்த கதையை, செம்பு, மீசை எல்லாவற்றோடும் சொன்னார். பிறகு என் பக்கம், என் மாமனார் குடித்த கதை. கடைசியில் பேசாலையிலிருந்து தங்கச்சிக்காக வந்தவர் எழும்பி, போத்தலைப் பற்றிச் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "போத்தலிலா?" என்று கேட்டார். ஓம் ஐயா, போத்தலில் என்றார். பின் வாங்கில் இருந்த சனம் சிரித்தது. ஒரு சட்டத்தரணி கடதாசியால் வாயை மூடிக்கொண்டார். அக்காவும் நானும் மட்டும் சிரிக்கவில்லை. உங்களைப் பார்த்துச் சனம் சிரித்தபோது எனக்கு முகம் எரிந்தது. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தக் கோபத்தையும் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீதிபதி கோபப்படவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். காணி கை மாறுவதற்கு நொத்தாரிசு முன்னால் உறுதி எழுத வேண்டும், தண்ணீர் குடித்து மாறாது என்றார். உறுதி இல்லாதபடியால் காணி இன்னும் இறந்தவருடையது, மனைவியும் முன்னமே இறந்தபடியால் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, நிருவாகி என்றால் சொந்தக்காரர் இல்லை என்று விளங்குதா என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தரணிமாரைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்கு விளங்கிவிட்டது.

"நிருவாகியாக வருகிறவர் சத்தியம் செய்ய வேண்டும், பிணை கட்ட வேண்டும்" என்றார். "எல்லாச் சொத்தையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். மற்றவர்களுடைய பங்கை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தன் பங்குக்கு மேல் ஒரு பிடி கூட எடுக்க முடியாது. இது பதவி இல்லை அம்மா, வேலை."

அக்கா எழும்பினார். தன் சட்டத்தரணியையும் பார்க்கவில்லை.

"அப்பிடியெண்டால் அவவே எடுக்கட்டும் ஐயா" என்றார். "எனக்கு ஆட்சேபணை இல்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். வழக்குத் தொடங்கிய பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். சின்ன வயதில் கடைசி மீன் துண்டை எனக்குத் தள்ளிவிட்டு, அதில் முள்தான் இருக்கிறது என்று தெரிந்து சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. பின்னேரம் தங்கச்சியும் போன் எடுத்தாள். நடுவிலக்காவே செய்யட்டும், அவவுக்குத்தான் பொறுமை என்றாள். பொறுமையாம்!

நான் அப்போதே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நிருவாகி என்று ஒருவர் இல்லையென்றால் பங்கு பிரியாது, பங்கு பிரியாவிட்டால் என் வீட்டுக்கு உறுதி இல்லை. என் மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். அவளுக்கு எதை எழுதுவது? வேதப்புத்தகத்தில் கை வைத்து, உங்கள் சொத்தை நீதியாகப் பிரிப்பேன் என்று சத்தியம் செய்தேன். அதாவது, என் வீடு நிற்கிற மண்ணில் மூன்றில் இரண்டு பங்கை நானே என் கையால் எழுதிக் கொடுப்பேன் என்று சத்தியம் செய்தேன். நீங்கள் மூன்று தடவை வாயால் கொடுத்ததை நான் ஒரு தடவை கையால் கொடுக்க வேண்டும். உங்களுக்குச் சுலபமாக இருந்தது.

நேற்று நில அளவையாளர் வந்தார். சங்கிலி பிடித்தார், கல்லு நட்டார். அக்காவும் அத்தானும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மூன்று பங்குக்கும் றோட்டு முகப்பு வேண்டும் என்றால், எல்லைக் கோடு என் குசினிக்குள்ளால்தான் போகும் என்றார் அளவையாளர். கொஞ்சம் வளைத்தால் குசினி தப்பும், பின்பக்கத்தில் அவர்களுக்குக் கூடுதலாக விடலாம் என்றும் சொன்னார். அத்தான் மண்ணைப் பார்த்தார். அக்கா வளைக்க வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் நேரே பேசினார். பஸ்ஸிலும் பேசாத, கோட்டிலும் பேசாத மனுசி.

"குசினியை எப்ப கழட்டுறாய்?" என்றார்.

அவ்வளவுதான். உங்கள் புத்தியைக் கேட்டுக் காற்றுப் பார்த்து வடக்குப் பக்கம் வைத்த குசினி. தெற்கே வைத்திருந்தால் தப்பியிருக்கும். கடதாசி முடியட்டும், கழட்டுறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கிணறு. கிணறு யாருடைய பங்கில் வர வேண்டும், நிருவாகி நீங்கள்தானே சொல்லுங்கோ என்று அளவையாளர் கேட்டார். அந்த நிமிடம் எனக்கு ஆசை வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டால் கிணறு எனக்கு. அக்காவைப் பார்த்தேன். நல்ல வெயில். பூவரசு நிழலில், உங்கள் கதிரை இருந்த இடத்தில், நின்றுகொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துக் குடித்தார். வங்காலையிலிருந்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். இத்தனை காலம் கோடு ஏறிச் சண்டை பிடித்த கிணறு நாலடி தள்ளி இருக்கிறது. என் வாளியும் கயிறும் அதில் தொங்குகிறது. அதில் ஒரு வாய் குடிக்க மாட்டேன் என்று, சுட்டுக் கிடந்த தண்ணீரை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை. என் அக்கா இல்லையா, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்தேன். கிணற்றை ஒருவருடைய பங்கிலும் போட வேண்டாம் என்று அளவையாளரிடம் சொன்னேன். தனியாக விடுங்கோ, மூன்று பங்கிலிருந்தும் போக வழி விடுங்கோ, பொதுக்கிணறு என்று படத்தில் எழுதுங்கோ என்றேன். இதை என் நல்ல குணத்துக்கு யாரும் எழுதிவிட வேண்டாம். எனக்கு எடுத்தால் அக்கா திரும்பக் கோட்டுக்குப் போவார். அவருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு நாளும் குடத்தோடு அவருடைய படலையில் நான் நிற்க வேண்டும். அதற்குச் சாகலாம்.

வருகிற மாதம் என் மகளைப் பார்க்க வருகிறார்கள். மூப்பர் வழமைப்படி கிணற்றடிக்குக் கூட்டிப் போகலாம் என்றார். முதலில் நொத்தாரிசிடம் போவம், தண்ணீரைப் பிறகு ஆறுதலாகக் குடிக்கலாம் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். என் பங்கு சின்னது. ஆனால் அதை நான் ஒருத்திக்கு மட்டும்தான் கொடுப்பேன், எழுதித்தான் கொடுப்பேன்.

இரவு படுத்திருந்து யோசித்தேன். உங்கள் வழமைப்படியே பார்த்தாலும் கணக்கு எங்கே போய் நிற்கிறது? கிணற்றில் குடித்தவருக்குக் காணி என்றால், கடைசியாகக் குடித்தவர் யார்? நான் கரண்டியால் விட்டேன், நீங்கள் விழுங்கினீர்கள். மூன்று பேருக்கும் கொடுத்த மாதிரிக் கொடுத்துவிட்டு, சாகும்போது திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். கோடும் அதைத்தான் சொன்னது, காணி இன்னும் இறந்தவருடையது என்று.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். நான் கொடுத்தால் கொடுத்ததுதான், அது உங்களுக்குத் தெரியும். உங்கள் சொத்தை ஒரு கல்லும் தள்ளாமல் பிரிப்பேன். குசினியைக் கழட்டுவேன். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் உறுதி எழுதி ஒப்பமிடுவேன். மரித்தோர் நாளுக்குச் சேமக்காலைக்கு வந்து உங்கள் கல்லறையைக் கூட்டி வெள்ளையடிப்பேன், மெழுகுதிரியும் கொளுத்துவேன். ஆனால் சுண்ணாம்பை அங்கே கிடக்கிற உவர்த்தண்ணீரில்தான் கரைப்பேன். வடக்குக் காணிக் கிணற்றிலிருந்து ஒரு செம்பும் உங்களுக்கு வராது. அதில் மூன்று பேருக்குத்தான் பங்கு. உங்களுடையதை நீங்கள் குடித்து முடித்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொத்தின் நிருவாகி,
நீங்கள் பெற்ற நடுவிலாள்.